படிக்கு எத்தனை கிலோ?

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று குழுவினர் கேட்டதும் நம் பௌதிக ஆய்வுக்கூடமும், அங்கே முதல் வாரம் கேட்ட ஒரு கேள்வியும்தான் நினைவுக்கு வந்தன. 1971இல் நான் பி.யூ.சி. சேர்ந்திருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு, வெல்வெட் குழிகளில் பித்தளை எடைக்கற்கள், கை படாமல் அவற்றை எடுக்க ஒரு இடுக்கி. எல்லாவற்றையும் பார்த்து மிரண்டுபோய் நின்றோம். பேராசிரியரோ தராசின் பக்கமே போகவில்லை. மேசை அடியிலிருந்து ஒரு பித்தளைப் படியை எடுத்து வைத்து, "படிக்கு எத்தனை கிலோ?" என்றார்.

ஒருவன் "ஒண்ணே கால் சார்" என்றான். இன்னொருவன் "ஒண்ணரை சார்" என்றான். தெற்கத்திப் பையன் ஒருவன் முக்கால் என்றதும் எல்லோரும் சிரித்தோம். சார் சிரிக்கவில்லை. "உங்கள்ல ஒருத்தன்கூட என்னைத் திருப்பிக் கேக்கலியே! 'எதோட படி சார்'னு கேட்டிருந்தா, இன்னிக்கே அவனுக்கு ரெக்கார்டு நோட்டுல கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றார்.

அதோடு விடவில்லை. படியில் அரிசியை மெதுவாகக் கொட்டச் சொன்னார். மேலே குச்சியால் வழித்து நிறுத்தோம். பிறகு அதே படியைத் தரையில் நாலு தட்டுத் தட்டச் சொன்னார். அரிசி கீழே இறங்கி, மேலும் இரண்டு கை அரிசி உள்ளே போயிற்று. படி மாறவில்லை, அரிசியும் மாறவில்லை, எடை மட்டும் கூடிவிட்டது. "உள்ளே இருந்த காத்தை வெளியே அனுப்பினோம், அவ்வளவுதான்" என்றார். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நம் நாட்டு அளவைகளின் கதையைப் புரட்டிப் பார்த்ததில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். பாடப்புத்தகத்தில் நிறை, எடை என்று இரண்டு உண்டு. ஒரு பொருளில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பது நிறை. அதைப் பூமி எவ்வளவு பலமாகக் கீழே இழுக்கிறது என்பது எடை. தமிழ் வேர்ச்சொற்களே இதற்குக் கொஞ்சம் துணை வருகின்றன. எடை என்பது எடுப்பதிலிருந்து வந்தது. தூக்கும்போது கைக்குத் தெரிவது. நிறை என்பது நிறுப்பதிலிருந்து வந்தது. தராசுத் தட்டில் தெரிவது. மூன்றாவது முகத்தல், பாத்திரத்தால் மொண்டு அளப்பது. இது இடத்தின் அளவு, சரக்கின் அளவு அல்ல. முகத்தலையும் நிறுத்தலையும் சேர்த்துக் கட்டும் கயிறுதான் அடர்த்தி. குறிப்பிட்ட இடத்துக்குள் எவ்வளவு சரக்கு அடைந்திருக்கிறது என்று அது சொல்கிறது. சார் எதிர்பார்த்த "எதோட படி?" என்ற கேள்வி அடர்த்தியைப் பற்றியதுதான்.

இது நம் முன்னோர்களுக்குத் தெரியாத விஷயம் அல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். இராஜராஜன் கொடுத்த பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்று பெயரிட்ட ஒரு கல் இருந்தது. மணிகள் பதித்த நகைகளுக்குத் தட்சிணமேருவிடங்கன் என்று வேறொரு கல். நெல் அளக்கவும் ஆடவல்லான் என்ற பெயரில் ஒரு மரக்கால் இருந்தது. அது இராஜகேசரி என்ற அளவுக்குச் சமம் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். பொன்னுக்குக் கல், நெல்லுக்கு மரக்கால். இரண்டுக்கும் சாமியின் பெயர்தான், ஆனால் ஒன்றை மற்றொன்றோடு குழப்பவில்லை. எந்த அளவால் அளந்தோம் என்பதைக் கல்லில் வெட்டிவைத்தால்தான் நாளைக்கு வழக்கு வராது என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

நெல்லை ஏன் நிறுக்காமல் அளந்தார்கள்? களத்தில் மலைபோல் குவிந்து கிடப்பதைத் தராசில் நிறுத்து முடியாது. மரக்கால் இருந்தால் ஒரு ஆள் பாட்டுப்போல எண்ணிக்கொண்டே அளந்து தள்ளிவிடுவான். எங்கள் வாய்பாட்டுப் புத்தகத்தில் இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று இருந்தது. இரண்டிரண்டாக ஏறும் கணக்கு என்பதால் எழுதப் படிக்கத் தெரியாதவரும் பாதி, பாதியில் பாதி என்று பிரித்துக்கொள்ளலாம்.

ஆனால் வில்லங்கமும் அங்கேதான். படியைக் கோபுரமாகக் குவித்து அளப்பதா, தலைவழித்து அளப்பதா? மெதுவாகச் சரிப்பதா, உயரத்திலிருந்து கொட்டுவதா? கூலியை நெல்லாக வாங்கிய காலத்தில் இதெல்லாம் வயிற்றுப் பிரச்சினை. பதர் கலந்த நெல்லும் மரக்காலை நிரப்பும். உலையில் போட அரிசிதான் இருக்காது. ஏறக்குறையச் சொன்னால், ஒரு லிட்டர் பாத்திரத்தில் தண்ணீர் ஒரு கிலோ, அரிசி முக்கால் கிலோவுக்கு மேல், நெல் 600 கிராமுக்குள், பொரி என்றால் கையில் கனமே தெரியாது. இத்தனையையும் ஒரே படிதான் அளந்தது. போதாக்குறைக்குப் படியே ஊருக்கு ஊர் வேறு. தெற்கத்திப் பையன் முக்கால் என்று சொன்னது தப்பே இல்லை, அவன் ஊர்ப் படி சின்னப் படி! சிரித்த நாங்கள்தான் விவரம் கெட்டவர்கள்.

சரி, நிறுத்தல் கணக்காவது ஒழுங்காக இருந்ததா? அதுவும் இல்லை. 1833இல் கும்பினி அரசு தோலாவை 180 கிரெய்ன் என்று நிர்ணயித்தது. இன்றைய கணக்கில் 11.66 கிராம். வெள்ளி ரூபாயும் அதே எடை. ஆகவே பெட்டியில் ரூபாய் இருந்தால் அதுவே எடைக்கல். வடக்கே 80 தோலா ஒரு சேர், 40 சேர் ஒரு மணங்கு, அதாவது 37.3 கிலோ. சென்னை மாகாணத்திலோ 3 தோலா ஒரு பலம், 8 பலம் ஒரு சேர், 5 சேர் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. போட்டுப் பாருங்கள், 11.2 கிலோதான் வரும். பெயர் ஒன்று, சரக்கு மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வடநாட்டு வியாபாரியிடம் மணங்குக் கணக்கில் விலை பேசுகிறவர் எந்த மணங்கு என்று முதலில் கேட்காவிட்டால் கதை முடிந்தது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் மெட்ரிக் முறை வந்தது. 1956இல் சட்டம். 1957 ஏப்ரல் 1இல் பதினாறு அணா போய் நூறு நயா பைசா. 1958 அக்டோபர் முதல் கிலோகிராம் படிப்படியாக அறிமுகம். 1962 ஏப்ரலோடு பழைய எடைகளுக்கு விடைகொடுப்பு. சரித்திரப் புத்தகத்தில் இது நாலு வரி. கடையில் அது எப்படி நடந்தது என்பதை நான் நேரில் பார்த்தவன்.

என் தாத்தா தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். 1961இல் எனக்கு ஏழு வயது. சாயங்காலம் கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து பொட்டுக்கடலை தின்பது என் உத்தியோகம். வயல் வேலை முடிந்து வந்த ஒரு வயசான அம்மா வழக்கம்போல ஒரு வீசை புளி கேட்டார். தாத்தா புதுக் கிலோக்கல்லைத் தட்டில் வைத்தார். அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன்யா, வீசை கேட்டா என்னமோ கிலோங்கிறே. கல்லு சிறுத்துப் போச்சே! எழுத்துத் தெரியாதவதானேன்னு நெனைச்சியா?"

"ஆத்தா, கல்லு சிறுசுதான், காசும் சிறுசுதான். வீசைக்குக் குடுத்த காசைக் கிலோவுக்கு வாங்க மாட்டேன்."

"அதை நான் எப்படிக் கண்டேன்?"

தாத்தா பதில் பேசவில்லை. உள்ளே போய்ப் பழைய வீசைக் கல்லை எடுத்து வந்து ஒரு தட்டில் வைத்தார். எதிர்த் தட்டில் புதுக் கிலோக்கல், அதன்மேல் இருநூறு கிராம் கல் இரண்டு. முள் நேராக நின்றது. அந்த அம்மா குனிந்து இரண்டு பக்கமும் பார்த்தார். கிலோக்கல்லின்மேல் இருந்த சின்னக் கற்களைத் தன் கையாலேயே எடுத்தார். வீசைத் தட்டு கீழே இறங்கியது. மறுபடி வைத்தார், நேரானது. "அப்போ இந்த ரெண்டு குட்டிக்கல்லுக்கும் காசு குறைச்சுக்கணும்" என்றார். "அதேதான் ஆத்தா" என்றார் தாத்தா.

கணக்கு இதுதான். வீசை 1.4 கிலோ. வீசைக்கு ஒரு ரூபாய் ஐந்து பைசா என்றால் கிலோவுக்கு 75 பைசா. ஒரு ரூபாயே வாங்கிக்கொண்டு கிலோ கொடுத்தாலும் 'ஐந்து பைசா குறைச்சிருக்கேன்' என்று பெருமை பேசலாம். உண்மையில் 25 பைசா அடித்ததாகும். அளவு மாறுகிற காலத்தில் ஏமாறுகிறவர் எப்போதும் கணக்குத் தெரியாதவர்தான். அவருக்கு அட்டவணை உதவாது. பழசையும் புதுசையும் ஒரே தராசில் வைத்துக் காட்டினால்தான் புரியும். மாற்றுக் கணக்கு என்றால் என்ன என்பதை நான் கல்லூரிக்கு வருவதற்குப் பத்து வருஷம் முன்பே அந்தக் கடையில் பார்த்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

சட்டம் போட்டவுடன் நாக்கு மாறிவிடுமா? 1967 தேர்தலில் நாடே கேட்ட வாக்குறுதி ரூபாய்க்கு மூன்று படி அரிசி. மூன்று லட்சியம், ஒன்று நிச்சயம் என்றார்கள். பழைய எடைகள் செல்லாது என்றாகி ஐந்து வருஷமான பிறகும் மக்கள் மனதில் சோறு என்றால் படிதான். 2008இல் ரேஷன் கடையில் ரூபாய்க்கு ஒரு கிலோ அரிசி வந்தபோது படி என்ற சொல்லே யாருக்கும் தேவைப்படவில்லை. அந்த நாற்பத்தோரு வருஷத்துக்குள் முகத்தலிலிருந்து நிறுத்தலுக்கு ஒரு சமுதாயமே இடம் மாறியிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. படியைத் துரத்திய கிலோகிராம் பிறந்ததே ஒரு படித் தண்ணீரில்தான்! பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1795இல் ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் நிறையைக் கிராம் என்றார்கள். ஆயிரம் கிராம் ஒரு லிட்டர் தண்ணீர். அதனால்தான் தண்ணீரின் அடர்த்தி ஒன்று என்று சுலபமாக வருகிறது. தண்ணீரைத் துல்லியமாக அளப்பது கஷ்டம் என்பதால் அதற்குச் சமமாக உலோகக் கட்டி செய்தார்கள். 1889 முதல் பாரிஸ் அருகே வைத்த பிளாட்டினம்-இரிடியம் கட்டிதான் உலகத்துக்கே கிலோ. நம் நாட்டுக்கு வந்த நகல் 57ஆம் எண். தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. நூறு வருஷத்தில் மூலக் கட்டிக்கும் நகல்களுக்கும் இடையே சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம் தெரிந்தது. எது கூடியது, எது குறைந்தது என்று யார் சொல்வது? கடைசியில் 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலி என்ற இயற்கை எண்ணைக் கொண்டு கிலோவை வரையறுத்துவிட்டார்கள். தண்ணீரிலிருந்து கட்டிக்கு, கட்டியிலிருந்து எண்ணுக்கு.

இனி நிறை, எடை விவகாரம். 1672இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவில் உள்ள கயேனுக்கு ஊசல் கடிகாரம் கொண்டுபோனார். பாரிஸில் சரியாக ஓடியது அங்கே நாளுக்கு இரண்டரை நிமிஷம் பின்தங்கியது. கடிகாரத்தில் பழுதில்லை. பூமத்தியரேகை அருகே பூமியின் இழுப்பு கொஞ்சம் குறைவு. பின்னால் நியூட்டன் தம் நூலில் இதையும் பயன்படுத்திக்கொண்டார்.

நம் பாஷையில் சொன்னால், துருவத்தில் சரிபார்த்த சுருள்வில் தராசில் ஒரு கிலோ தங்கத்தை மாட்டி, அதே தராசோடு பூமத்தியரேகைக்கு வந்தால் ஐந்து கிராம் குறைவாகக் காட்டும். தங்கம் எங்கேயும் போகவில்லை. நிறை அதேதான், எடை குறைந்தது. தாத்தாவின் இரட்டைத்தட்டுத் தராசுக்கு இந்தக் கவலையே கிடையாது. இரண்டு தட்டையும் ஒரே பூமிதான் இழுக்கிறது. சந்திரனுக்கே கொண்டுபோனாலும் வீசை எதிரே 1.4 கிலோதான் நிற்கும். இன்றைய மின்னணுத் தராசு உள்ளுக்குள் சுருள்வில் ஜாதி. வைத்த இடத்திலேயே படிக்கல்லால் சரிபார்க்க வேண்டியது அதனால்தான்.

பஞ்சு, இரும்புப் புதிரையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ பஞ்சு, ஒரு கிலோ இரும்பு, எது கனம்? சமம் என்று சின்னக் குழந்தையே சொல்லும். ஆனால் காற்றும் தண்ணீர் மாதிரி பொருளை மேலே தூக்கும், ஒரு லிட்டர் இடத்துக்கு 1.2 கிராம் அளவு. பஞ்சிழை அடைக்கும் இடம் இரும்பைவிட ஐந்து மடங்கு. எனவே தராசில் இரண்டும் நேராக நின்றால், உண்மையில் பஞ்சுதான் அரைக் கிராமுக்குச் சற்று மேலே அதிகம். அடுத்த முறை பேரப்பிள்ளைகள் மடக்கினால் திருப்பி மடக்குங்கள்.

இதெல்லாம் வெறும் புதிர்தானா, உயிர் போகிற விஷயமா? 1983 ஜூலை 23, கனடா. ஏர் கனடாவின் புது போயிங் 767 விமானம் மான்ட்ரியாலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் கிளம்புகிறது. எரிபொருள் காட்டும் கருவி பழுது. அளவுகோல் விட்டுப் பார்த்ததில் தொட்டியில் 7,682 லிட்டர். பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க வேண்டும். கையில் இருந்த எண் 1.77. பெருக்கினார்கள், 13,597 வந்தது. தேவையிலிருந்து கழித்து, மீதி 8,703ஐ அதே 1.77ஆல் வகுத்து, 4,917 லிட்டர் போட்டால் போதும் என்று முடிவு செய்தார்கள். பெருக்கலில் பிழை இல்லை, கழித்தலில் பிழை இல்லை. ஆனால் அந்த 1.77 ஒரு லிட்டர் எரிபொருளுக்கு எத்தனை பவுண்டு என்ற எண்! கிலோ என்றால் 0.8தான். விமான எரிபொருள் நம் மண்ணெண்ணெயின் உறவுக்காரன்; தண்ணீரைவிட லேசு. லிட்டர் எப்படி ஒன்றே முக்கால் கிலோ இருக்கும் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஒட்டாவாவில் மறுபடி சரிபார்த்தார்கள், அதே 1.77ஐ வைத்தே.

41,000 அடி உயரத்தில் பறந்தபோது முதலில் ஒரு இன்ஜின், பிறகு அடுத்ததும் நின்றது. உள்ளே 69 பேர். விமானி பாப் பியர்சன் இன்ஜின் இல்லாத கிளைடர் ஓட்டிப் பழகியவர். துணை விமானி மாரிஸ் குவின்டால் தாம் முன்பு பணியாற்றிய கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தை நினைவில் வைத்திருந்தார். அங்கே அன்று கார்ப் பந்தயத்துக்கு வந்த கூட்டம். அதற்கு நடுவே சப்தமில்லாமல் வந்து இறக்கினார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை. "எதோட 1.77?" என்று ஒருவர் கேட்டிருந்தால் இந்த அதிர்ஷ்டமே தேவைப்பட்டிருக்காது.

இன்றைக்கு நம் வீட்டுச் சமையலறைக்கு வாருங்கள். ஒரு லிட்டர் எண்ணெய்ப் பாக்கெட்டில் 910 கிராம் என்று போட்டிருப்பார்கள். 90 கிராம் கொள்ளை என்று என் தெருக்காரர் ஒருவர் சண்டைக்கே போய்விட்டார். கொள்ளை இல்லை, எண்ணெயின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு, அதனால்தானே அது மிதக்கிறது! ஆனால் வேறொரு நுணுக்கம் உண்டு. சூடான எண்ணெய் விரியும். சோயா எண்ணெய் ஒரு லிட்டர் 21 டிகிரியில் 919 கிராம், 60 டிகிரியில் 893 கிராம்கூட வராது. சூட்டில் அளந்து அடைத்தால் லிட்டர் சரியாக இருக்கும், சரக்கு குறையும். இதனால்தான் 2022இல் மத்திய அரசு, வெப்பநிலையைப் போட்டுத் தப்பிக்காமல் லிட்டரோடு கிராமையும் சரியாக அச்சிடுங்கள் என்று எண்ணெய் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

அப்படியானால் நிறுத்தல்தான் எப்போதும் நியாயமா? அதுவும் இல்லை. அளக்கும்போது காற்று ஏமாற்றும், நிறுக்கும்போது ஈரம் ஏமாற்றும். நெல் கொள்முதலில் ஈரப்பதம் 17 சதவீதம் என்று வரம்பு வைத்திருப்பது இதற்காகத்தான். மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு கணக்கு: ஈரப்பதம் 20 சதவீதம் உள்ள 100 கிலோ நெல்லை 17 சதவீதம் வரை காயவைத்தால் எத்தனை கிலோ மிஞ்சும்? 97 என்று அவசரப்படாதீர்கள். காய்ந்த சரக்கு 80 கிலோ, அது மாறாது. அதுவே புதுக் கணக்கில் 83 சதவீதம். விடை 96.4 கிலோ. அந்த அரைக் கிலோவுக்கு மேற்பட்ட வித்தியாசம் மூட்டைக்கு மூட்டை சேர்ந்தால் ஒரு விவசாயிக்குச் சாதாரணமா?

இப்போது கைபேசியில் தட்டினால் பவுண்டு கிலோவாகிறது, தோலா கிராமாகிறது. நல்லதுதான், நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் அது நம்மைத் திருப்பிக் கேட்காது. எதோட படி, எந்த மணங்கு, எந்த ஊர்ச் சூட்டில் என்று நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் ஆய்வுக்கூடம் எனக்குக் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான். அதை வைத்தே காலம் ஓடிவிட்டது.

தாத்தாவின் வீசைக் கல் இன்னும் என் மேசையில் இருக்கிறது, காகிதம் பறக்காமல் இருக்க. சந்திப்புக்கு வரும்போது கொண்டுவருகிறேன். தூக்கிப் பார்த்து எத்தனை கிராம் என்று சொல்லுங்கள். ஒரே நிபந்தனை, இந்தக் கட்டுரையைப் படித்தவர்களுக்குப் பரிசு கிடையாது!